டொக்குவின் இடது கை

பிப்ரவரி 4

பாத்திர வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் கார்ட்டூன் தொடரில் வரும் ‘டொக்கு’ என்னும் ரோபோவின் பொம்மை மாதிரிகள் ஆறு எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. உயரம் பதினொரு சென்டிமீட்டர். ஒன்பது மடிப்புகளில் சூட்கேஸாக மாறுகிறது. இரண்டு வயது முதல் என்று அட்டையில் போட்டிருக்கிறது.

வண்ணம் உரியவில்லை. எச்சிலில் கரையவில்லை. கூர்முனைகள் இல்லை. முந்நூறு தடவை மடித்தும் மூட்டுகள் தளரவில்லை. ஏழாவது மடிப்பில் கால்கள் உள்ளே போகும்போது ஒரு சத்தம் வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. (இது அறிக்கையில் சேராது.)

குறை ஒன்று. சூட்கேஸாக மாறிய பிறகும் இடது கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே போட்டால் அதுதான் முதலில் தரையில் படுகிறது. ஆறில் நான்கு மாதிரிகளில் ஒடிந்தது. சின்னக் குழந்தையின் தொண்டை அளவில் எங்களிடம் ஓர் உருளை இருக்கிறது. ஒடிந்த கை அதற்குள் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது மாதிரியின் தோளில், கையை மடியவிடாமல் தடுக்கும் ஒரு சிறிய முட்டு தென்பட்டது. வார்ப்பு அச்சின் பிழையாக இருக்கும். அரத்தால் தேய்த்து எடுத்தேன். கை முழுவதும் உள்ளே மடிந்தது. பெட்டி ‘டக்’ என்று மூடிக்கொண்டது. பத்துத் தடவை கீழே போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

இந்தத் திருத்தத்தைப் பரிந்துரைக்கிறேன். பொம்மைத் தயாரிப்பாளருக்குச் சம்மதம். விதிப்படி தங்கள் கையெழுத்தும் வேண்டும். படிவம் இத்துடன்.

இப்படிக்கு,
மதிப்பீட்டாளர், இரண்டாம் மேசை

பி.கு.: பதில் எழுதுவதானால் முகவரிக்காக அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம். உறையின் பின்னால் இருக்கிறது.


பிப்ரவரி 11

மதிப்பீட்டாளர், இரண்டாம் மேசை அவர்களுக்கு,

உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிரிக்காமல் மதியம் வரை மேசையில் வைத்திருந்தேன்.

பதிமூன்று வருடம். உன் கல்யாணத்தில் “சாப்பிட்டியா?” என்றேன். “ம்” என்றாய். உன் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் “யார் ஜாடை?” என்றேன். “தெரியல” என்றாய். மொத்தக் கணக்கு அவ்வளவுதான். இப்போது ஒரு பக்கம் முழுக்கத் ‘தங்கள்’, ‘தங்கள்’. ஆள் வளர்ந்துவிட்டாய்.

அந்த முட்டு அச்சுப் பிழை இல்லை. நான் கேட்டு வைத்தது. தயாரிப்பாளரோடு நான்கு கூட்டத்தில் சண்டை போட்டு வாங்கியது. அதை நீ உட்கார்ந்து அரத்தால் தேய்த்திருக்கிறாய்.

அப்படியென்றால் என் தொடரில் ஒரு நிமிடம்கூட நீ பார்த்ததில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். சிரிப்புதான் வந்தது. பக்கத்து மேசையில் பின்னணி வரைகிற பெண், “என்ன, காதல் கடிதமா?” என்றாள். “பொம்மை அறிக்கை” என்றேன். நம்பவில்லை.

பார்த்தவர்களைக் கேள். டொக்கு பயந்தால் சூட்கேஸ் ஆகிவிடுவான். ஒரு கை வெளியே நின்றுவிடும். யாராவது வந்து அதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு பகுதியிலும் இதுதான் நடக்கிறது.

கையெழுத்துப் போட மாட்டேன்.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

முதலில் விதி. வடிவமைப்பாளர் என் அக்கா, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

“அக்காகிட்ட கடைசியா எப்ப பேசின?”

“ஒழுங்கா பேசி, பதிமூணு வருஷம் சார்.”

“அப்ப உன்னை மாதிரி நடுநிலையான ஆள் இந்தக் கட்டடத்துலயே கிடையாது. போய் வேலையைப் பாரு.”

‘பதிமூணு’ என்று சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல மனிதர். எழுத்தில் எனக்குத் திக்காது. அதனால் போன் வேண்டாம், இப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது, வாலு. என் மகளை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறோம். நான்கு வயது. உன் தொடரை அவளும் அவள் அம்மாவும் நான் வேலையிலிருந்து வருவதற்குள் பார்த்து முடித்துவிடுவார்கள். யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. நான் சாவி போடும் சத்தம் கேட்டால் டிவி அணைந்துவிடும்.

தேய்த்த மாதிரியை அவளிடம் கொடுத்தேன். மடித்தாள். திருப்பினாள். குலுக்கினாள்.

“அப்பா, இது டொக்கு இல்ல.”

“டொக்குதான்டா.”

“அப்ப கை எங்க?”

“உள்ள இருக்கு. பத்திரமா.”

“உள்ள இருந்தா எப்படித் தூக்கறது?”

என் பையைத் திறந்து அவளே திரும்ப வைத்துவிட்டாள். வீட்டு உபயோகப் படிவத்தில் ‘குழந்தை ஆர்வம் காட்டவில்லை’ என்று எழுதினேன்.

ஆனாலும் கேட்கிறேன். ஒளிகிறவன் கையை வெளியே விட்டுவிட்டா ஒளிவான்? ஆறு வயதில் நான் அப்பாவின் பெரிய சூட்கேஸில் ஒளிந்தேனே, நினைவிருக்கிறதா? அரை மணி நேரம் வீடு முழுக்கத் தேடினாய். கடைசியில் “தோத்துட்டேன், வெளிய வா” என்று நீயே கத்தினாய். உன்னிடம் நான் ஜெயித்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவை. டொக்குவும் ஒரு தடவை ஒழுங்காக ஒளியட்டுமே.

தொடரை ஏன் பார்ப்பதில்லை என்று நீ கேட்கவில்லை. உனக்குத் தெரியும். வாரப் பத்திரிகையில் நீ போட்ட துணுக்குப் படம். பையன் ஒவ்வோர் எழுத்தையும் நான்கு தடவை சொல்லுவான். எல்லோரும் சிரித்தார்கள். என் கல்லூரி விடுதியில் அதை மனப்பாடமாக ஒப்பித்தார்கள், பல் தேய்க்கும்போதுகூட. அந்த லீவில் நீ எழுதிக் கொடுத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘இனிமேல் உன்னை வரைய மாட்டேன்.’ கீழே கையெழுத்து, தேதி.

உன் படங்களில் எந்த மூலையில் நான் நிற்பேனோ என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, பார்க்காமல் இருப்பது சுலபம்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

கை ஏன் வெளியே இருக்க வேண்டும் என்பதற்குக் காரணங்கள்.

ஒன்று, கை இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. கடையில் பெட்டி பொம்மையை யார் வாங்குவார்கள்?

இரண்டு, படத்தில் ஒரு பக்கம் கனமாக இருந்தால் கண் அங்கே போகும். வரைகிறவர்களுக்குத் தெரியும்.

மூன்று, வாலு சொன்னது. அவள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள்.

நான்காவதாக ஒன்று எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே, நன்றாகவே அடித்திருக்கிறேன்.

அந்தத் துணுக்குப் படத்தைப் பற்றி. பாசத்தில்தான் வரைந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசிரியர் சிரித்தார், அதனால் இன்னும் இரண்டு கட்டம் சேர்த்தேன். அதுதான் நடந்தது.

வாலு எப்படி இருக்கிறாள்? ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முகம் ஒரு பன் ரொட்டி மாதிரி இருந்தது.

அக்கா


மார்ச் 1

அக்கா,

தயாரிப்பாளர் அவசரப்படுத்துகிறார். தேய்த்த மாதிரியின்படி அச்சை மாற்றிவிடலாம் என்கிறார். மாத முடிவுக்குள் உன் கையெழுத்து வராவிட்டால் பொம்மையே கிடையாது என்று எழுதிவிட்டார். நகல் உனக்கும் வந்திருக்கும்.

நீ எழுதிய மூன்றும் காரணங்கள் இல்லை. பதினொரு வருடமாக இந்த மேசையில் இருக்கிறேன். ‘இது ஏன் இப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘அப்படித்தான்’ என்பார்கள். அப்படிச் சொன்ன பொருள்கள் எல்லாம் ஒடிந்திருக்கின்றன.

ஒரு குழந்தையின் தொண்டையை வைத்து நான் உனக்குச் சலுகை தர முடியாது. நீயும் அதைக் கேட்க மாட்டாய்.

அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை. எழுதி அனுப்பு.

வாலு நலம். முகம் இப்போது பன் ரொட்டி இல்லை. உன் ஜாடை. அன்றைக்கே தெரிந்தது.

தம்பி


மார்ச் 6

டேய்,

இதைப் படிக்கும்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அன்றைக்கு நீ ஜெயிக்கவில்லை.

முதல் நிமிடமே கண்டுபிடித்துவிட்டேன். அறைக்குள் வருகிறேன், கட்டிலுக்குப் பக்கத்தில் சூட்கேஸ், அதிலிருந்து வெள்ளையாக ஒரு கை. மதில் மேலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்டு வந்தாயே, மாவுக்கட்டு போட்ட இடது கை. அதன் மேல் நான் வரைந்த மீன்கள். முழங்கை மடங்காது, அதனால் உள்ளே இழுத்துக்கொள்ள உன்னால் முடியவில்லை. உனக்கு அது தெரியவும் இல்லை.

சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். அப்புறம் திரும்பி வந்து தேடுவது மாதிரி நடித்தேன். “கட்டிலுக்கு அடியிலயும் இல்லையே!” என்று சத்தமாகச் சொன்னால் உன் விரல்கள் சந்தோஷத்தில் ஆடும். அதைப் பார்க்கவே பத்துத் தடவை சொன்னேன். அரை மணி நேரம். ரொம்ப நல்ல அக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து வருடம் கழித்து அதே சூட்கேஸை விடுதிக்கு எடுத்துப்போனேன். துணியை அடுக்கி மூடியை விட்டேன். இரண்டு கொக்கிகளும் தாமாக மாட்டிக்கொண்டன. டக். உள்ளேயிருந்து திறக்க வழியே கிடையாது. ஓரம் முழுக்க ரப்பர் பட்டை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கை வெளியே இருந்ததால்தான் மூடி விழவில்லை. இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாக அரை மணி நேரம் மூச்சு விட்டிருக்கிறாய். நான் சமையலறையில் சிரித்துக்கொண்டிருந்தேன். கை ஒடியாத பிள்ளையாக இருந்திருந்தால், கையை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பாய். நிஜமாகவே ஜெயித்திருப்பாய்.

அன்று பத்து வயதில் பயம் வரவில்லை. இருபது வயதில் வந்தது. வந்தது போகவில்லை.

டொக்கு நீதான். மறைக்கத்தான் பார்த்தேன். பேச்சே இல்லாமல் வைத்தேன், திக்குகிறான் என்று யாரும் சொல்லக் கூடாது என்று. மாவுக்கட்டை எடுத்தேன். கையை மெலிதாக்கினேன், நீயே பார்த்தாலும் தெரியக் கூடாது என்று. ஆனால் கையை உள்ளே வைக்க மட்டும் முடியவில்லை. ஒரு நாள் வரைந்து பார்த்தேன். பென்சிலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

உன் முதல் கடிதத்தில் ‘பெட்டி டக் என்று மூடிக்கொண்டது’ என்று எழுதியிருந்தாய்.

வாக்கை மீறிவிட்டேன். படிவம் என்னிடம் காலியாக இருக்கிறது. போடு என்று நீ சொன்னால் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

தாமதத்துக்குக் காரணம், பதினாறு பகுதிகள்.

சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். சாவி சத்தம் கேட்டு டிவி அணைந்தது. “போடு” என்றேன். அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் போட்டாள். வாலு என் மடியில் ஏறி உட்கார்ந்து பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

“இப்ப பயப்படுவான் பாரு. இப்ப பெட்டி ஆவான். நீ சிரிக்கக் கூடாது.”

“ஏன்?”

“யாரும் சிரிக்க மாட்டாங்க.”

சரிதான். பதினாறு பகுதியிலும் யாரும் சிரிக்கவில்லை. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். கையைப் பிடிக்கிறார்கள், தூக்குகிறார்கள், போகிறார்கள். ஒருமுறை மழையில் ஒருத்தி அந்தக் கைக்கு மட்டும் குடை பிடிக்கிறாள். அங்கே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

கோபமா என்று கேட்பாய். இருந்தது, இரண்டு நாள். தோற்றதற்காக.

உள்ளே ஒரு வெளிச்சக் கோடு இருந்தது. அது எனக்கு எப்போதும் நினைவிருக்கிறது. உன் கால்கள் அதன் குறுக்கே வந்து வந்து போயின. இவ்வளவு கிட்டே வந்தும் தெரியவில்லையே என்று உள்ளே சிரித்தேன். நீ சமையலறையில், நான் பெட்டியில், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தக் கோடு ஏன் இருந்தது என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. தொழிலே அதுவாக இருந்தும்.

பத்து வயதுப் பெண் ஒருத்திக்குக் கொக்கியைப் பற்றித் தெரியாது. அறிக்கையில் இதைத் தவறு என்று எழுத மாட்டோம். பெட்டி செய்தவன் தவறு என்று எழுதுவோம்.

இனி வேலை.

உன் படம் தப்பு. என் கை அவ்வளவு மெலிதாக இருந்ததே இல்லை. மாவுக்கட்டோடு அது என் தொடையைவிடப் பருமன். அம்மா சட்டைக் கையைக் கிழித்துத்தான் மாட்டிவிடுவாள். நீ மாவுக்கட்டை எடுத்துவிட்டாய், அதனால் மெலிந்தது. மெலிந்ததால் ஒடிகிறது, உருளைக்குள் போகிறது.

மூன்றாவது மாதிரியின் ஒடிந்த கையை ஒட்டி, அதைச் சுற்றித் துணியும் பிளாஸ்டர் மாவும் சுற்றினேன். மேலாளர் வந்து நின்றார்.

“என்னப்பா இது, வைத்தியமா?”

“எலும்பு முறிவு சார்.”

“பொழைக்குமா?”

“பார்க்கலாம் சார்.”

மூன்று நாள் காய வைத்தேன். உருளையின் வாயில் வைத்தேன். உள்ளே போகவில்லை.

இது கையால் சுற்றியது, கணக்கில் வராது. சரியான பிளாஸ்டிக்கில், சரியான அச்சில் வரட்டும். கழன்றாலும் திரும்ப மாட்டுகிற மூட்டாக இருக்கட்டும். எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து செய்வேன். தேறாவிட்டால் தேறவில்லை என்றுதான் எழுதுவேன், இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொடரில் டொக்குவுக்குக் கை ஒடிய வேண்டும். அது உன் பாடு. மதில் இருக்கட்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போடாதே.

தம்பி


மார்ச் 28

டேய் தம்பி,

தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், ரோபோவுக்கு எதுக்கு மாவுக்கட்டு?”

“விழுந்துட்டான் சார்.”

“ரோபோவுக்கு எலும்பே கிடையாதே!”

“பெட்டிக்குக் கை மட்டும் உண்டா சார்?”

புது அச்சின் மாதிரிகள் மூன்று வாரத்தில் உன் மேசைக்கு வரும்.

மதிலை வரைந்துவிட்டேன். செங்கல் பெயர்ந்த இடம்கூட. கட்டுப் போட்ட கையை வரைய உட்கார்ந்தபோது கை தானாகப் போயிற்று, அளவு பார்க்க வேண்டியே இருக்கவில்லை. இத்தனை நாள் மெலிந்த கையை வரையத்தான் கஷ்டப்பட்டிருக்கிறேன் போல.

ஒன்று கேட்க வேண்டும். பொம்மையின் மாவுக்கட்டில் மீன்கள் வரையலாமா? இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான்.

அக்கா

பி.கு.: ‘தோற்றதற்காக’ என்ற வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிக்கவில்லை. அப்புறம் திரும்பச் சிரித்தேன். பின்னணி வரைகிற பெண் இப்போது உறுதியாகக் காதல் கடிதம் என்கிறாள்.


ஏப்ரல் 22

அக்கா,

மாதிரிகள் ஆறு. மடிப்புகள் ஒன்பது. மாறவில்லை. ஏழாவது மடிப்பின் சத்தமும் அப்படியே.

ஒவ்வொன்றையும் பத்துத் தடவை கீழே போட்டேன். நான்காவது மாதிரியின் கை ஏழாவது தடவையில் கழன்றது. ஒடியவில்லை. உருளையில் வைத்தேன். வாயிலேயே உட்கார்ந்துகொண்டது, புட்டிக்கு அடைப்பான் மாதிரி. விரலால் அழுத்தினேன். போகவில்லை. திரும்பத் தோளில் மாட்டினேன், மாட்டிக்கொண்டது. மற்ற ஐந்தும் கழலவில்லை.

மீன் வேண்டாம். கட்டு வெள்ளையாகவே இருக்கட்டும். வாங்குகிற பிள்ளைகள் வரைந்துகொள்வார்கள். பென்சில் கோடு அதன் மேல் நிற்கிறது. நக்கினால் அழிகிறது, விஷமில்லை. சோதித்துவிட்டேன்.

அறிக்கையின் நகல் இத்துடன். கடைசிப் பத்தியைப் பார். ‘சூட்கேஸாக மாறிய பின் இடது கை வெளியே நிற்கிறது. அப்படித்தான்.’ மேலாளர் அந்தச் சொல்லின் கீழே பேனாவை வைத்து என்னைப் பார்த்தார். “காரணம் எழுதலையே?” என்றார். “இருக்கு சார், கொஞ்சம் நீளம்” என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான்காவது மாதிரியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாலு மடித்தாள். கையைப் பிடித்துத் தூக்கினாள். சமையலறை வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, “ஊருக்குப் போறோம், வர நேரமாகும்” என்றாள். ‘குழந்தை ஆர்வம் காட்டியது’ என்று படிவத்தில் எழுதினேன்.

உறையில் இன்னொரு தாள் இருக்கும். உனக்கு அடையாளம் தெரியும். உன் கையெழுத்தும் தேதியும் இருக்கிற பக்கம் பழுத்துவிட்டது. பின்பக்கம் காலி. ஒரு மூலையில் மட்டும் வாலு ஏதோ கிறுக்கிவிட்டாள், சூட்கேஸ் என்கிறாள். மீதி இடம் உனக்கு. என்னை வரைவதானால் கட்டோடு வரை.

அவள் அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறாள். தேதி சொல்லாமல் விட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். நான்தான் எடுப்பேன். ‘ஹலோ’ சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். வைத்துவிடாதே.

தம்பி